திருத்தாமல் விட்ட ஒன்று

பதினான்கு மாதங்களில் நான் திருத்திய எழுத்துப் பிழைகள் மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் திகதி வாரியாகக் குறித்திருக்கிறேன். திருத்தாமல் விட்ட பிழை ஒன்று. அது எழுத்துப் பிழை அல்ல. அந்த ஒன்றினால்தான் என் தம்பியின் மகன் கடலில் செத்தான். ஊர் அப்படி நினைக்கவில்லை. ஆபத்தில் தடுமாறித் தான் நின்ற இடத்தைப் பிழையாகச் சொன்னான், அதனால் செத்தான் என்று ஊர் நினைத்தது. அவனைப் பெற்றவனும் அப்படித்தான் நினைத்தான். செத்தவன் மேல் விழுந்த அந்தப் பழியை எடுக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். எடுப்பதற்குச் சுணங்கினேன். ஏன் சுணங்கினேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் முப்பத்துமூன்று வருடம் எழுத்துப் பிழை பார்க்கும் ஒப்புநோக்காளனாக இருந்தவன் நான். பிறந்தது வல்வெட்டித்துறை. எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்து நான்கு தலைமுறை கடலுக்குப் போனது. எனக்கு அது ஒத்துவரவில்லை. கரையிலிருந்து அரை மைல் போனால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்துவிடும். தம்பி படகைப் பிடித்தான், நான் பேனையைப் பிடித்தேன். கலியாணம் முடித்துக் கொக்குவிலுக்கு வந்து நாற்பத்தாறு வருடம் ஆகிறது.

ஓய்வு பெற்றபின் ஆறு வருடம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் கடைப் பெயர்ப்பலகைகளில் உள்ள பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையம் வரை, வீதியின் இடது பக்கம் மட்டும், நாற்பத்தொன்று. பலகையைத் திருத்தச் சொல்லி மூன்று கடைக்காரரிடம் கதைத்தேன். ஒருவர் தேத்தண்ணி தந்தார். ஒருவரும் திருத்தவில்லை.

தம்பியின் மூத்த மகன், என் பெறாமகன், மாதத்தில் இரண்டு தடவை மீன் கொண்டுவருவான். முப்பத்தொன்பது வயது. இரண்டு பிள்ளைகள். சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்திருந்தான். ஒரு நாள் மீனைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். கடலில் இடம் காட்டும் கருவி அவனுடைய படகில் பழுதாகிவிட்டதாம். புதிது வாங்க வசதியில்லை. போனிலேயே அந்த வேலையைச் செய்யும் ஒரு மென்பொருளை இலவசமாக இறக்கியிருந்தான். நல்லாக வேலை செய்கிறது, ஆனால் அதன் தமிழ்க் கையேட்டை வாசித்தால் தலை சுற்றுகிறது என்றான்.

"பெரியப்பா, உங்களுக்கு ஒரு வேலை கொண்டந்திருக்கிறன். உதிலை எத்தினை பிழை எண்டு எண்ணுங்கோ பாப்பம்."

முதற் பக்கத்தில் மட்டும் அறுபத்தொன்று. அவன் சிரித்தான். "உப்பிடித் தமிழ் எழுதிறவன் சொல்லுற திசையிலை போனா நான் தெற்கை காலித் துறைமுகத்திலைதான் போய் ஏறவேணும்." அந்தக் கையேட்டை அவன் நம்பவில்லை. ஏதும் சந்தேகம் வந்தால் தகப்பனைத்தான் கேட்டான்.

அந்த மென்பொருள் ஒரு கம்பனிக்குச் சொந்தமானதல்ல. கட்டற்ற மென்பொருள் என்று அதைச் சொல்கிறார்கள். பல நாடுகளில் இருக்கும் ஆட்கள் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். அதன் கையேட்டை யாரும் வாசிக்கலாம், பிழை கண்டால் யாரும் திருத்தத்தை முன்வைக்கலாம். பொறுப்பானவர் ஒருவர் பார்த்து ஏற்றுக்கொண்டால் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும். மகள் வெளிநாடு போகும்போது விட்டுப்போன மடிக்கணினி வீட்டில் கிடந்தது. வழியைப் பிடிக்க எனக்குப் பத்தொன்பது நாள் சென்றது. முதல் தடவை அறுபத்தொரு திருத்தத்தையும் ஒரே கட்டாக அனுப்பினேன். பகுதி பகுதியாக அனுப்பும்படி மரியாதையாகத் திருப்பிவிட்டார்கள்.

திருத்தங்களில் இரண்டு வகை. எழுத்துத் திருத்தம் என்றால் தமிழ் தெரியாத பொறுப்பாளரே ஏற்றுக்கொள்வார். பொருள் மாறும் திருத்தம் என்றால் தமிழ் தெரிந்த இன்னொருவர் வாசித்துச் சம்மதிக்க வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் "எழுத்துத் திருத்தம் மட்டும், பொருள் மாறவில்லை" என்று எழுதுவேன். பொய்யில்லை. பொருளை நான் தொடவே இல்லை.

தொடாததற்குக் காரணம் என் தொழில். நான் கையேட்டைப் பின்னாலிருந்து வாசித்தேன். கடைசி வரியின் கடைசிச் சொல், அதற்கு முன் சொல், அதற்கும் முன் சொல். கணினித் திரையில் ஒரு தபாலட்டையைப் பிடித்து வரிக்கு வரி மேலே நகர்த்துவேன். பத்திரிகையில் மரண அறிவித்தல்களை முப்பத்துமூன்று வருடம் அப்படித்தான் பார்த்தேன். முன்னாலிருந்து வாசித்தால் பாசமிகு மகனும் அன்பு மருமகனும் கண்ணில் படுவார்கள், எழுத்துப் படாது. இன்னாரின் கணவர் என்பது மெய்யா பொய்யா என்று பார்ப்பது அறிவித்தல் கொடுத்தவரின் பொறுப்பு. ஒற்றும் கொம்பும் எங்கள் பொறுப்பு. அப்படிப் பார்த்ததில் என் கையால் போன பக்கங்களுக்கு வருடத்துக்கு நான்கு முறைப்பாட்டுக்கு மேல் வந்ததில்லை.

காலை ஒன்பது மணிக்குச் சவரம் செய்து, சேட் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருப்பேன். சம்பளமில்லாத கந்தோருக்கு ஏன் இந்த எடுப்பு என்று மனைவி கேட்பாள். பன்னிரண்டரை வரை இருப்பேன். அந்தக் கையேடு முடிய ஏழு வாரம் சென்றது. பிறகு வேறு மென்பொருள்களின் கையேடுகளுக்குப் போனேன். எல்லாமாகப் பதினொன்று.

திருத்திய கையேட்டைப் பெறாமகன் போனில் வாசித்துவிட்டு வந்தான். "இப்ப பேப்பர் மாதிரி இருக்குப் பெரியப்பா" என்றான். எனக்கு வந்த பாராட்டு அது ஒன்றுதான். நான் மகிழ்ந்தேன். அவன் முக்கியமான நான்கு பக்கங்களை அச்செடுத்து ஊரில் மீனவர் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டினான். பன்னிரண்டு படகுக்காரர் அந்த மென்பொருளைப் போனில் ஏற்றினார்கள். பிறகு அது பதினேழு ஆனது. முன்பு அந்தக் கையேட்டின் தமிழைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. என் தம்பி சங்கத்துக்கு வருகிறவர்களிடம் அந்தச் சுவரைக் காட்டி, எங்கடை அண்ணை பார்த்தது என்று சொல்வானாம். இதையும் பெறாமகன்தான் வந்து சொன்னான்.

அந்த நான்கு பக்கங்களில் இரண்டாவதில்தான் அந்த வரி இருந்தது. "இடத்தைக் குறிக்கும் எண்ணில் புள்ளிக்குப் பின்வரும் முதல் இரண்டு இலக்கங்கள் நிமிடங்களாகும்."

இது ஏன் பிழை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடலில் இடத்தைப் பாகையாலும் நிமிடத்தாலும் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் டிகிரி, மினிற் என்பார்கள். ஒரு டிகிரிக்கு அறுபது மினிற். தம்பியிடம் இருக்கும் பழைய கருவி அப்படித்தான் காட்டும். போன் அப்படிக் காட்டுவதில்லை. அது டிகிரியை நூறாகப் பிரித்துப் புள்ளி போட்டுக் காட்டும். போனில் புள்ளி முப்பது என்றால் டிகிரியில் நூற்றுக்கு முப்பது. அறுபதில் அது பதினெட்டு மினிற். முப்பது மினிற் அல்ல. எங்கள் கடலில் ஒரு மினிற் ஏறக்குறைய ஒரு மைல். போனை மட்டும் பாவிக்கிறவனுக்கும் பழைய கருவியை மட்டும் பாவிக்கிறவனுக்கும் இதனால் ஒரு கேடும் இல்லை. ஒன்றின் எண்ணை மற்றதில் போடும்போதுதான் கேடு. அதனால்தான் பதினேழு படகும் மாதக்கணக்கில் போய்வந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை.

வாடைக்காற்று தொடங்கிய பருவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெறாமகன் இன்னொரு தொழிலாளியோடு கடலுக்குப் போனான். திங்கள் விடிய ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரையில் தம்பியின் வயர்லெஸில் அவன் குரல் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது, படகில் தண்ணீர் ஏறுகிறது என்றான். போனைப் பார்த்து இரண்டு எண்கள் சொன்னான். வடக்கு எண் பத்து புள்ளி பூச்சியம் பூச்சியம், அதை எப்படி வாசித்தாலும் ஒன்றுதான். கிழக்கு எண் எண்பது புள்ளி மூன்று பூச்சியம். இரண்டு தரம் சொன்னான். பிறகு வயர்லெஸ் அறுந்துவிட்டது.

தம்பி சங்கத்துக்கு ஓடினான். சுவரில் இருந்ததைப் பார்த்தான். தன் படகுக் கருவியில் எண்பது டிகிரி முப்பது மினிற் என்று போட்டான். ஆறு படகுகள் அவன் பின்னால் போயின. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கும் அதே எண்ணைத்தான் அறிவித்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. திங்கள் முழுக்கத் தேடினார்கள். செவ்வாய் முழுக்க இன்னும் வெளியே போய்த் தேடினார்கள். புதன் காலை, வேறு வேலையாகப் போன ஒரு படகு, எங்கள் கரையிலிருந்து எட்டு மைலில் ஒரு கவிழ்ந்த படகைக் கண்டது. கூடப்போன தொழிலாளி படகின் மேல் கிடந்தான், உயிர் இருந்தது. பெறாமகனைக் கயிற்றால் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தான். செவ்வாய் மத்தியானம் வரை பெறாமகன் கதைத்துக்கொண்டு இருந்தானாம்.

செத்தவீடு வியாழன். பந்தலில் கதிரைகள் நூற்றிருபது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். தப்பி வந்த தொழிலாளியை ஒரு வாங்கிலில் இருத்தியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. ஆட்கள் கேட்கக் கேட்க மெதுவாகச் சொன்னான். தாங்கள் அவ்வளவு தூரம் கிழக்கே போகவேயில்லை என்றான். பாரடியில்தான் எஞ்சின் நின்றது என்றான். பாரடி என்பது கடலுக்கடியில் கல் இருக்கும் ஓர் இடம், மீன் படுகிற இடம். தம்பி தன் இளம் வயதிலிருந்து போன இடம். அதன் எண் அவனுக்குப் பிள்ளைகளின் பிறந்த நாள் மாதிரி மனப்பாடம்.

தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். அழவில்லை. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ஒன்றையே சொன்னான்.

"பாரடி எண்பது, பதினெட்டு. பதினெட்டைப் போய் முப்பது எண்டு சொல்லிப்போட்டான். பதறிப்போனான். பன்ரண்டு மைல் பிழைச்சுப்போச்சு. என்ரை பொடியன் தன்ரை வாயாலையே செத்தான்."

பெறாமகனின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். நான் எண்ணுகிறவன். அறுபதில் நூற்றுக்கு முப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடத் தேவையில்லை. பதினெட்டு. செத்தவன் பாரடியைத்தான் சொல்லியிருக்கிறான். சரியாகச் சொல்லியிருக்கிறான். கடைசி மினிற் வரை சரி.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். நூற்றிருபது கதிரைக்கும் கேட்டிருக்கும். முதலில் கையேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வோம், சரிபாராமல் ஒன்றைச் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொன்னேன். அது பத்திரிகைக் கந்தோர்ப் பழக்கம். அன்றைக்கு அந்தப் பழக்கம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

சுடலையால் வந்து குளித்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். அந்தக் கையேட்டை முதல் தடவையாக முன்னாலிருந்து வாசித்தேன். இருபது நிமிடத்தில் அந்த வரி வந்தது. அந்த இணையத்தளத்தில் யார், எந்த நாள், எந்த எழுத்தை மாற்றினார் என்ற பதிவு முழுக்க இருக்கும். பார்த்தேன். அந்த வரியில் மட்டும் நான் மூன்று எழுத்துகளைத் திருத்தியிருந்தேன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்கு. ஒரு சந்திப் பிழை, ஓர் ஒற்று, ஒரு கொம்பு. அந்த வரியை நான் தொட்டிருக்கிறேன். அறுபதா நூறா என்று ஒரு தரம் நினைத்திருந்தால் போதும். நான் நினைக்கவில்லை. வரி ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நான் போய்க்கொண்டிருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் "நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ" என்றாள். நாளைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை அந்த வரிக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். பொருள் மாறும் திருத்தம் என்று உள்ளபடி எழுதினேன். ஒருவர் செத்திருக்கிறார் என்பதையும் எழுதினேன். பொறுப்பாளர் உடனே வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார். ஆனால் தமிழ் தெரிந்த இரண்டாவது ஆள் பார்க்காமல் ஏற்கமுடியாது, விதி அப்படி என்றார். பிழையான வரியை எழுதிய மொழிபெயர்ப்பாளர் யாரென்று தேடினேன். இரண்டு வருடமாக அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

பன்னிரண்டு நாள் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் அந்தத் திருத்தத்தை விலக்கிவிட்டு, அதையே புதிதாக அனுப்பினேன். குறிப்பில் "எழுத்துத் திருத்தம் மட்டும், பொருள் மாறவில்லை" என்று எழுதினேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னார்கள். பதினான்கு மாதத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு. முகம் தெரியாத ஆட்களுக்கு உண்மையையும் எழுதினேன், பொய்யையும் எழுதினேன். பதினெட்டு மைலில் இருக்கிற தம்பிக்கு ஒன்றும் சொல்லவில்லை. சங்கத்துச் சுவரில் கடதாசியும் அப்படியே இருந்தது. நல்லவேளை, துக்கத்துக்கும் காற்றுக்குமாகப் படகுகள் அதிகம் கடலுக்குப் போகவில்லை. நல்லவேளை என்று நான் எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

தம்பி வீட்டுக்கு நான் போகாமல் இருந்தேன் என்பதல்ல. எட்டாம் நாள் போனேன், பதினைந்தாம் நாள் போனேன். போகும்போது பஸ்ஸில் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். போனதும் அங்கே யாராவது இருப்பார்கள். யாரும் இல்லாவிட்டால் தம்பி களைத்திருப்பான். திரும்பும்போது, நல்ல காலம் இன்றைக்குச் சொல்லவில்லை என்று இருக்கும்.

இருபத்துநான்காம் நாள் சங்கச் செயலாளர் கொக்குவிலுக்கே வந்தார். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிப்பது வழக்கம். இறந்தவரின் படம், பிறப்பு வளர்ப்பு, தேவாரங்கள், நன்றி நவிலல், எல்லாம் சேர்த்து ஒரு சிறு புத்தகம். வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் கையில் கொடுப்பார்கள். செயலாளர் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆறு பக்கம்.

"ஐயா, உங்கடை தம்பி சொல்லிவிட்டவர், நீங்கள் எழுத்துப் பிழை பாத்துத் தந்தாத்தான் அடிக்கக் குடுக்கலாமாம்."

அவர் போனபின் வாசித்தேன். நான்காம் பக்கத்தில் இருந்தது: "நடுக்கடலில் ஆபத்து நேர்ந்த வேளை அன்னார் மனம் கலங்கித் தாம் நின்ற இடத்தை மாறிக் கூறியமையால், தேடிச் சென்றோர் அவரைக் கண்டடைய முடியாது போயிற்று." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நானூறு பிரதி. செத்தவீட்டில் சொன்னது காற்றோடு போகும். கல்வெட்டு அலுமாரிக்குள் இருக்கும். அவனுடைய பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயது வரும்போது இந்த வரியைத்தான் வாசிப்பார்கள்.

மனைவி என் பின்னால் நின்று வாசித்தாள். "உதிலை எத்தினை பிழை?" என்று கேட்டாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன்.

தம்பி விறாந்தையில் தனியாக இருந்தான். அந்தியேட்டிக்குச் சொல்ல வேண்டிய வீடுகளை எழுதிக்கொண்டிருந்தான். நான் கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால் போட்டு இருந்தேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"அவன் பிழையாச் சொல்லேல்லை. சரியாத்தான் சொன்னவன்" என்றேன். கடதாசியில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். போனில் முப்பது, மினிற்றில் பதினெட்டு. பெருக்கிப் பிரித்துக் காட்டினேன். அவன் நாற்பது வருடம் கடலில் எண் பார்த்தவன். ஒரு தரம்தான் பார்த்தான்.

"அப்ப சுவரிலை இருக்கிற கடதாசி?"

"அது பிழை."

"நீங்கள் பாத்த கடதாசி."

"ஓம். நான் எழுத்தைத்தான் பாத்தனான். என்ன சொல்லுது எண்டு பாக்கேல்லை."

அவன் பேனையை மூடினான். கடல் பக்கம் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான். பிறகு, அன்றைக்குத் தேடப்போன ஆட்களில் வயதான ஒருவர், பொடியன் உவ்வளவு தூரம் போயிருக்கமாட்டான், முதலில் பாரடிக்கு ஒருக்காப் போய்ப் பார்ப்போம் என்று சொன்னதாகச் சொன்னான். இதை நான் அதுவரை கேள்விப்படவில்லை.

"நான்தான் விடேல்லை அண்ணை. எங்கடை அண்ணை பாத்த எழுத்து, அதிலை பிழை இராது எண்டு சொன்னனான். எஞ்சினைத் திருப்பினதும் நான்தான். ஆறு படகையும் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்."

நான் அவன் தோளைத் தொடப் போனேன். அவன் விலகவில்லை. ஆனால் என் கையை நானே எடுத்துக்கொண்டேன். இத்தனை நாளும் அவன் மகனைக் குற்றம் சொல்லிச் சொல்லி ஒருமாதிரி நின்றிருந்தான். அந்தத் தூணை நான் எடுத்துவிட்டேன். எடுக்காமலும் விடமுடியாது. இரண்டையும் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கி என்ன?

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டான்.

"செத்தவீட்டண்டு."

அவன் செயலாளர் எழுதிய தாள்களைக் கேட்டான். கொடுத்தேன். நான்காம் பக்கத்தை எடுத்து, அந்த வரியை விரலால் தொட்டு என்னிடம் நீட்டினான்.

"இதை வெட்டுங்கோ. அவன் தான் நிண்ட இடத்தைச் சரியாச் சொன்னவன் எண்டு போடுங்கோ. தேடப் போனவை பிழையான இடத்துக்குப் போனவை எண்டும் போடுங்கோ. ஆர் கூட்டிக்கொண்டு போனது எண்டு கேக்கிறவைக்கு நான் சொல்லுறன்."

ஏன் பிழையான இடத்துக்குப் போனார்கள் என்பதையும், அதில் என் பங்கையும் எழுத வேண்டும் என்றேன். இரண்டு வரி போதும் என்றேன். உண்மையில் பஸ்ஸில் வரும்போதே அந்த இரண்டு வரியையும் மனதில் எழுதி வைத்திருந்தேன். என் பெயர் அச்சில் வந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வேண்டாம்" என்றான். "இது அவன்ரை புத்தகம்."

பிறகு எழுந்து சேட்டைப் போட்டுக்கொண்டு சங்கத்துக்கு நடந்தான். நானும் பின்னால் போனேன். உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். அவன் ஒருவரோடும் கதைக்காமல் சுவரில் ஒட்டியிருந்த நான்கு பக்கங்களையும் நகத்தால் சுரண்டி எடுத்தான். பசை காய்ந்து துண்டு துண்டாகத்தான் வந்தது. என்னைப் பார்த்து, "இவைக்குச் சொல்லுங்கோ" என்றான். கரும்பலகையில் கணக்கைப் போட்டுச் சொன்னேன். ஐந்து பேரில் மூன்று பேருக்கு முதல் தரத்திலேயே விளங்கியது. பாரடிக்குப் போய்ப் பார்ப்போம் என்று அன்றைக்குச் சொன்ன வயதானவரும் அங்கே இருந்தார். அவர் கரும்பலகையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், வெளியே எழுந்து போய்விட்டார். மற்றவர்களுக்கு அறிவிக்க அடுத்த நான்கு நாளும் அங்கேயே தங்கினேன். பதினேழு படகுக்காரரையும் ஒவ்வொருவராகக் கண்டு சொன்னேன். இரண்டு பேர் என்னோடு கதைக்கவில்லை. அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை. கல்வெட்டு நானூறும் வந்திருந்தது. நான்காம் பக்கத்தை முன்னாலிருந்து மூன்று தரம் வாசித்துத்தான் அடிக்க விட்டிருந்தேன். தம்பி சொன்னபடிதான் இருந்தது. பந்தியில் இருந்த சிலர் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை வாசிப்பதைக் கண்டேன். வாசித்தவர்கள் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாசற்பக்கம் நின்று, வந்தவர்களைக் கும்பிட்டுக் கும்பிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் அவன் காதுக்குள் ஏதோ கேட்டார். அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். என் பக்கம் கை நீளவில்லை.

பெறாமகனின் மனைவி பந்தியில் பரிமாறினாள். அவள் பரிமாறத் தேவையில்லை என்று பெண்கள் சொல்லியும் கேட்கவில்லையாம். என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். சோற்றைப் போடாமல் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியமாமா, அவர் பிழையாச் சொல்லியிருக்கமாட்டார் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஆரும் கேக்கேல்லை." சத்தமில்லாமல்தான் சொன்னாள். பக்கத்து இலைக்காரருக்குக்கூடக் கேட்டிராது. "நீங்கள் இருபத்துமூண்டு நாள் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்களாம். இந்த இருபத்துமூண்டு நாளும் மாமா எனக்கு முன்னாலை இருந்து அவரைக் குறை சொல்லிப் பேசிக்கொண்டு இருந்தவர். பிள்ளையளும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததுகள்."

பிறகு என் இலையில் சோற்றைப் போட்டாள், மற்றவர்களுக்குப் போட்ட அளவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. "சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.